ஐஸக்கா போகாத பயணம்

எங்கள் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஸக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் ஆளுயரத்துக்கு நிற்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவருடைய வேலை. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி அல்ல அவை. உள்ளே மைனஸ் எண்பது டிகிரி. வெறுங்கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்ப்ரஸர் பாதி வரை குளிரவைக்க, இன்னொரு கம்ப்ரஸர் அந்த முதல் கம்ப்ரஸரின் குளிரை வைத்துத் தன் வேலையைத் தொடங்கும். இரண்டில் ஒன்று படுத்தாலும் பெட்டி வெறும் அலமாரிதான்.

அக்கா எந்தப் படிப்பும் படித்து இதற்கு வரவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் சேர்ந்தார். ஒருநாள் மெக்கானிக் லீவு போட, "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், நான் கழட்டட்டுமா?" என்று கேட்டுக் கழற்றியவர், அதற்குப் பிறகு அட்டைப்பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. மெஷின் முதுகில் காதை வைத்துக் கேட்பார். "மூச்சு வாங்குது" என்பார், அல்லது "இது நல்லாத்தான் இருக்கு, நடிக்குது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். நாற்பத்தாறு வயது. கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. கூடவே மாமியார்.

நான் அதே கம்பெனியில் பயணப் பிரிவு. டிக்கெட் எடுப்பது, ஓட்டலில் அறை போடுவது, விசா தாள்களை அடுக்குவது. இங்கே எழுதுவதற்குக் காரணம், அந்தப் பயணத்தின் கோப்பைத் தயாரித்தவன் நான்தான்.

நோய் பரவத் தொடங்கிய முதல் வருடம் அது. வேற்று நாட்டு மருத்துவமனை ஒன்று பல வருடம் முன்பு எங்களிடம் ஆறு குளிர்பெட்டிகள் வாங்கியிருந்தது. அதில் இரண்டு நின்றுவிட்டன. மற்ற நான்கும் நிரம்பி வழிகின்றன. மூன்று வாரத்தில் தடுப்பூசிச் சோதனைக்கான மருந்துகள் வந்து இறங்கப்போகின்றன, வைக்க இடமில்லை, யாரையாவது அனுப்புங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அந்த மாடலை முழுக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் இரண்டே பேர். ஒருவர் நெஞ்சு வலிக்காரர். இன்னொருவர் அக்கா.

எல்லைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஆனால் ஒரு கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். 'அத்தியாவசியத் தொழில் பயணி' என்று ஒரு வகை. அதில் உள்ளே போக ஒரு கட்டு காகிதம் வேண்டும். அழைத்தவர் கடிதம், அனுப்பியவர் கடிதம், வேலை என்ன என்று மணிவாரியாகத் திட்டம், நோய் வந்தால் பார்த்துக்கொள்ள காப்பீடு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று. அந்த எழுபத்திரண்டு மணி நேரம் மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா என்று கேட்டுத் தூதரகத்துக்கு மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று பதில் வந்தது. கடைசியில் எந்தக் கணக்குக்கும் அடங்கும்படி முந்தின நாளே குச்சி விடச் சொன்னேன்.

அக்கா என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் படித்தார். மெஷின் கையேடு படிக்கிற மாதிரியே விரலை வைத்து வரி வரியாக.

"தம்பி, அஞ்சு நாள்தான்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா. ஓட்டல், ஆஸ்பத்திரி, ஓட்டல். நடுவுல வேற எங்கயும் இறங்கக்கூடாது. அஞ்சாம் நாள் அந்த நாட்டை விட்டு வெளிய வந்துடணும்."

"வேலை முடியலைன்னா?"

"முடியணும்க்கா."

"மெஷினுக்கு அதைச் சொல்லிட்டீங்களா?"

சிரித்தோம். அக்கா எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். மாமியார் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க, மாடிக்கு மாடி, "என் மருமக ஃபாரின் போறா, கவர்மென்ட்டே கூப்பிட்டிருக்கு" என்று சொல்லி முடித்திருந்தார்.

விமானம் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டது. முந்நூறு பேர் உட்காரும் விமானத்தில் தொண்ணூற்று நான்கு பேர். பாதிக்கு மேல் அக்கா மாதிரி தொழில் பயணிகள், மீதிப்பேர் வேறு நாடுகளிலிருந்து வந்து எங்கள் ஊரில் விமானம் மாறியவர்கள். அக்காவுக்கு ஜன்னல் இருக்கை. நடு இருக்கை காலி. அதற்கு அடுத்து ஒரு பெரிய மனிதர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. அதையெல்லாம் தாண்டியும் பேச்சு வந்துகொண்டே இருந்தது.

"நீங்க என்ன அத்தியாவசியம்மா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்து, "குளிர்பெட்டி ரிப்பேர் அண்ணே. நீங்க?"

"நான் ஜிப். ஜிப் வியாபாரி." தன் சட்டையில் இல்லாத ஜிப்பை இழுத்துக் காட்டினார். "முப்பத்தெட்டு வருஷமா விக்கிறேன். ஒரு பய அத்தியாவசியம்னு சொன்னதில்ல. இப்ப டாக்டருங்க போடற முழுக்கவச உடுப்பு இருக்குல்ல, அதுல முன்னாடி ஜிப் இல்லாம எப்படி? அந்த ஒரு ஜிப்பால நானும் அத்தியாவசியமாயிட்டேன். பாருங்க தங்கச்சி, எப்படி வாழ்க்கை!"

தன் வீட்டில் வெளிநாடு போவதாகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். மகள் பள்ளி ஆசிரியை. தெரிந்தால் வாசலிலேயே படுத்துக்கொள்வாளாம். அதனால் பக்கத்து நகரத்துக்குச் சரக்கு காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "அஞ்சு நாள்தானே. திரும்பி வந்து சொல்லிக்கலாம். திட்டு அப்பவும் அதேதான்."

நான்கு மணி நேரம் பறந்திருப்பார்கள். அக்காவின் மடியில் விழுந்துகொண்டிருந்த வெயில் மெல்ல நகர்ந்தது. கால், கைப்பிடி, முன் இருக்கை என்று ஊர்ந்து, கடைசியில் காணாமல் போய், விமானத்தின் மறுபக்க ஜன்னல்களில் இருந்து உள்ளே வந்தது. மெஷின் திரும்புகிறது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அப்புறம்தான் விமானியின் குரல். நாம் இறங்க வேண்டிய நாடு, சற்று முன்பு, நாம் புறப்பட்ட நாட்டிலிருந்து வரும் எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டது. உத்தரவு உடனடியாக அமலுக்கு வந்துவிட்டது. நமக்கு இறங்க அனுமதி இல்லை. நாம் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

யாரும் கத்தவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்றுவரை ஆச்சரியம். தொண்ணூற்று நான்கு பேரும் அடி வாங்கின மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு பெண் மட்டும் "இல்ல, இல்ல, இல்ல" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜிப் அண்ணன் கண்ணாடித் தகட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த உத்தரவு எனக்கு அக்காவுக்கு முன்பே வந்துவிட்டது. பதினொன்று பத்துக்கு, மேஜையில், ஒரு பத்தி. மூன்று முறை படித்தேன். 'பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கும் பொருந்தும்' என்ற கடைசி வரியை நான்காவது முறையும் படித்தேன்.  அவ்வளவு தாள் அடுக்கினேனே, இதற்கு ஒரு தாள் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அக்காவின் எண்ணுக்கு அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ஆகாயத்தில் இருப்பவருக்கு எப்படி அடிப்பது? ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு, கிளம்பிய அதே ஓடுபாதையில் விமானம் இறங்கியது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தார்கள். குடியேற்ற மேஜையில் இருந்தவர் காலையில் அடித்த வெளியேற்ற முத்திரையின் மேல் 'ரத்து' என்று இன்னொரு முத்திரை குத்திக் கொடுத்தார். அதைத் தாண்டினால் சுகாதார மேஜை. அங்கே ஓர் இளம்பெண், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில்.

"எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?"

"எந்த நாட்டுலேர்ந்தும் வரலைம்மா," என்றார் அக்கா. "காலைல இங்கதான் ஏறினேன். இங்கதான் இறங்கியிருக்கேன்."

"சர்வதேச விமானத்துல வந்தவங்க எல்லாருக்கும் பதினாலு நாள் தனிமை. ஓட்டல்ல."

"வந்தவங்களுக்குச் சரி. நாங்க போகவே இல்லையே!"

பின்னால் நின்ற ஜிப் அண்ணன் தலையை நீட்டினார். "அம்மா, நான் அந்த நாட்டை மேலேர்ந்துகூடப் பார்க்கலை. நடுவுல கடல்தான் இருந்துச்சு. கடலுக்கு என்னம்மா தனிமை?"

அந்தப் பெண்ணும் களைத்துத்தான் இருந்தாள். ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். "ஐயா, உங்க விமானத்துல வேற வேற நாட்டுலேர்ந்து மாறி வந்தவங்க முப்பத்தொரு பேர். அவங்களோட எட்டு மணி நேரம் ஒரே காற்றை சுவாசிச்சிருக்கீங்க. நீங்க எங்க போனீங்கங்கிறது இல்ல, யாரோட இருந்தீங்கங்கிறதுதான்."

 படிவத்தில் 'வந்த நாடு' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது, கணினி ஏற்காது என்று சொல்லி, போகாத அந்த நாட்டின் பெயரையே அடித்துக்கொண்டாள். அவசரத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தனிமைக்காக அரசு எடுத்துக்கொண்டிருந்த ஓட்டலில் ஏழாவது மாடி. அக்காவுக்கு 712, ஜிப் அண்ணனுக்கு 713. அறைக்குள் போய், திரையை விலக்கிப் பார்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். கீழே அவர் தினமும் பஸ் ஏறும் நிறுத்தம். அதற்குப் பின்னால் மருந்துக்கடை. அதற்குப் பின்னால் அவருடைய குடியிருப்பு. மூன்றாவது மாடிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் அவருடைய நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் அவர் உலர்த்தியது.

கணவருக்கு ஃபோன் செய்தார்.

"போய்ச் சேந்துட்டியா? அங்க என்ன மணி?"

"அங்க இல்லைங்க. பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வாங்க. பெரிய ஓட்டல் தெரியுதா? ஏழாவது மாடி எண்ணுங்க. கை காட்டறேன்."

கணவர் வந்தார். எண்ணினார். கையைத் தூக்கியவர் கீழே இறக்கவே இல்லை. பின்னாலேயே மாமியார் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, ஃபோனைப் பிடுங்கினார். "அடியே, ஊர் பூரா சொல்லிட்டேனேடி! இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லிஃப்ட்ல போவேன்?" சொல்லிவிட்டு அழுதார். அக்காவும் அழுதார். ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி. இரண்டு தெரு தூரம்.

மூன்றாம் நாள் அந்த மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து அழைப்பு. பேசியவள் ஆய்வக உதவியாளர். மெக்கானிக் இல்லை. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும்தான். ஆள் வர முடியாது, நீங்கள் சொன்னால் நானே கழற்றுகிறேன் என்றாள். அட்டைப்பெட்டிப் பிரிவில் ஒரு காலத்தில் தான் கேட்டதையே இவளும் கேட்கிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. "சரி, ஃபோனை மெஷினோட முதுகுல வை" என்றார்.

முழுதாக இரண்டு நாள் போனது. ஒரு பெட்டியில் வாயு முழுக்கக் கசிந்து போயிருந்தது. அதற்கு ஃபோனில் வைத்தியம் கிடையாது. இன்னொன்றில் கம்ப்ரஸர் ஓடிய பத்தாவது நிமிடம் சூடேறி நின்றுவிடுகிறது. அக்கா அந்த ஓசையைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "விசிறி சுத்தலை. சுத்தற சத்தமே இல்லை." செத்த பெட்டியின் விசிறியைக் கழற்றி இதில் மாட்டவேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு திருகையும் ஃபோன் திரையில் காட்டிக் காட்டிக் கழற்றினாள். ஒரு திருகு உள்ளே விழுந்துவிட, அதைக் காந்தம் கட்டிய கம்பியால் எடுக்கவே முக்கால் மணி நேரம். கடைசியில் விசிறி சுற்றியது. மறுநாள் பகல் எண் மைனஸ் எழுபத்தெட்டைத் தொட்டபோது, அந்தப் பெண் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா முதலில் 713-க்குத்தான் ஃபோன் செய்து சொன்னார். அறை ஃபோனில் தினமும் காலை ஏழு மணிக்கு ஜிப் அண்ணனே கூப்பிடுவார். அன்றைக்கு அக்கா கூப்பிட்டார்.

"அண்ணே, ஓடிடுச்சு!"

"அட சபாஷ்! தங்கச்சி, நீங்க போகாமலே வேலையை முடிச்சிட்டீங்க. அப்ப இத்தனை பேப்பர் எதுக்கு? எனக்கும் யாராவது ஃபோன்லயே ஜிப் வாங்கிக்கிட்டா நல்லாருக்கும்."

மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று அக்கா கேட்டார். இன்னும் இல்லை, பக்கத்து நகரத்திலேயே வேலை இழுக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன், இப்போது சொன்னால் இன்னும் பயப்படுவாள் என்றார்.

ஏழாம் நாள் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். எட்டாம் நாள் காலை ஜிப் அண்ணனின் குரல் கொஞ்சம் கரகரத்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். முடிவு இன்னும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்கு ஃபோன் வரவில்லை. ஏழேகாலுக்கு அக்கா அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் அது கேட்டது. மூன்று முறை அடித்துவிட்டு வரவேற்பறைக்குச் சொன்னார். "மெடிக்கல் டீமுக்குச் சொல்லிட்டோம் மேடம், ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவாங்க" என்றார்கள்.

அக்கா சுவரில் காதை வைத்தார். இருபது வருடமாக மெஷின்களுக்கு வைத்த காது. முதலில் ஏசி ஓசை. அதை ஒதுக்கிவிட்டு இன்னும் அழுத்தி வைத்தார். அதற்கு அடியில் ஒன்று கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. தரையிலிருந்து வந்தது, கட்டில் உயரத்திலிருந்து அல்ல.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். ஒன்பது நாளில் முதல்முறை.

தாழ்வாரக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவலர் துள்ளி எழுந்தார். "மேடம்! உள்ள போங்க! வெளிய வரக்கூடாது!"

"713-ஐத் திறங்க. அவர் கீழ விழுந்து கெடக்கார்."

"டீம் வராம திறக்கக்கூடாது மேடம். ரூல்."

"ரூல் எனக்கும் தெரியும். ஒவ்வொரு வரியும் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். திறங்க."

காவலர் அசையவில்லை. பாவம், அவருக்கும் வேலை போய்விடும். அக்கா திரும்பி அறைக்குள் போனார். காவலர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். அக்கா கருவிப்பையிலிருந்து ஒரு முழம் நீளத் திருப்புளியோடு வெளியே வந்தார். 713-இன் பூட்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகினார். "நீங்க திறந்தா சத்தமில்லாம திறக்கும். நான் திறந்தா கதவு மிஞ்சாது. எது வேணும்?"

காவலர் எல்லா அறைக்கும் பொதுவான சாவி அட்டையைக் காட்டித் திறந்தார். தான் உள்ளே வரவில்லை.

ஜிப் அண்ணன் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. ஃபோனை எட்ட முயன்றிருக்க வேண்டும், வயர் கையில் சுற்றியிருந்தது. அக்கா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முகக்கவசம் போட்டிருந்தோமா என்றுகூட அந்த நேரத்தில் நினைவில்லை என்று பிறகு சொன்னார்.

"அண்ணே. அண்ணே, என்னைப் பாருங்க."

கண்ணைத் திறந்தார். "தங்கச்சி," என்றார். "மணி என்ன?"

"ஏழரை."

"லேட்டாயிடுச்சு," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மருத்துவக் குழு நாற்பது நிமிடத்தில் வந்தது. பிராணவாயு மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவை 712-க்குத் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தொற்றுள்ளவரைத் தொட்டதால் பதினான்கு நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று மதியம் தாள் வந்தது. அக்கா அதையும் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, எந்த மருத்துவமனை என்று கேட்பதற்காக வரவேற்பறைக்கு அடித்தார். புதுக் குரல். "713-ஆ? அது காலி பண்ணின ரூம் மேடம். சாமானெல்லாம் எடுத்தாச்சு. ஆள் நேத்து சாயந்தரமே..." என்று இழுத்துவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னதுபோல ஃபோனை வைத்துவிட்டாள்.

அக்கா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.  அன்று நான் ஃபோன் செய்தபோது, "தம்பி, நேத்துப் பேசினார் தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் ஆறுதலுக்கு என்னென்னவோ உளறினேன். அவர் மறுபடியும், "மணி கேட்டார் தம்பி. மணி என்னன்னு கேட்டார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து 712-க்கு ஓர் அழைப்பு வந்தது. இளம்பெண் குரல், உடைந்து போயிருந்தது.

"மேடம், ஓட்டல்ல உங்க ரூம் நம்பர் கொடுத்தாங்க. 713-ல இருந்தவரை நீங்கதான் கடைசியா பார்த்தீங்களாம். ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். எங்க அப்பாவா இருக்காது. வெளிநாட்டுலேர்ந்து வந்தவர் இறந்துட்டார்னு எங்களுக்குத் தகவல் கொடுத்திருக்காங்க. எங்க அப்பா வெளிநாடே போகலை மேடம். பக்கத்து ஊருக்கு ஜிப் சாம்பிள் காட்டத்தான் போனார்."

 இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னாலும் பொய். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மாடி, நான் சொல்றதை உக்காந்து கேளு. பக்கத்துல யாராவது இருக்காங்களா? சரி. அப்பா உன்கிட்ட பொய் சொல்லிட்டுத்தான் கிளம்பினார். நீ பயப்படுவேன்னு. ஆனா நீ சொல்றதும் நிஜம்தான். அவர் எந்த நாட்டுக்கும் போகலை. போக விடலை. பாதி வழியில திருப்பிட்டாங்க."

 பிறகு, "அப்ப அது அப்பாதானா?" என்ற கேள்வி. அதற்கு அக்கா பதில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை, முக்கால் மணி நேரம், ஃபோனை வைக்கவில்லை. விமானத்தில் பேசியது, கடலுக்கு என்ன தனிமை என்று கேட்டது, தினமும் ஏழு மணிக்குக் கூப்பிட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

இருபத்து மூன்றாம் நாள் அக்கா வெளியே வந்தார். அவருக்கு நோய் வரவில்லை. எப்படி என்று டாக்டருக்கே தெரியவில்லை. இரண்டு தெரு நடந்து வீட்டுக்குப் போனார். வாசலில் மாமியார் நின்றிருந்தார். கேலி எதுவும் செய்யவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அந்த மகளின் வீட்டில் விஷயம் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்த வீடு என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் மறுபக்கம் நடந்தார்கள். பள்ளியில் பெற்றோர் சிலர் அந்த ஆசிரியை வரவேண்டாம் என்றார்கள். "அவ அப்பன் ஊர் சுத்திட்டு வந்து..." என்று காதுபடவே பேச்சு. இத்தனைக்கும் அவர் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. இறப்புச் சான்றிதழோடு வந்த சுகாதாரத் தாளில் 'வந்த நாடு' என்ற இடத்தில் அந்த நாட்டின் பெயர் அழகாக அச்சாகியிருந்தது.

"அதை மாத்தணும் மேடம்," என்றாள் மகள். "அப்பாவோட கடைசிப் பேப்பர்ல பொய் இருக்கக்கூடாது."

"வா, மாத்தலாம்," என்றார் அக்கா.

நானும் போனேன். தாள் அடுக்கத் தெரிந்தவன் ஒருவன் கூட இருக்கட்டும் என்று அக்கா கூப்பிட்டார். சுகாதார அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். முதல்முறை அலுவலர் இல்லை. இரண்டாம் முறை, கணினியில் ஏறியதை மாற்ற வழி இல்லை என்றார். மூன்றாம் முறை போவதற்குள் நான் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தக் காலத்துச் சுற்றறிக்கைகளை எல்லாம் தோண்டினேன். விமானம் திரும்பிய பதினாறாம் நாள் வந்த ஒன்றில் ஒரு வரி கிடைத்தது: இறங்க அனுமதிக்கப்படாமல் திரும்பிய பயணிகளை 'பயணம் நிறைவேறாதவர்' என்று பதிய வேண்டும்.  எல்லாருக்கும் பின்னால், எல்லாம் முடிந்த பிறகு, ஒரு விதி வந்து உட்கார்ந்திருந்தது.

அலுவலர் அதை வாங்கிப் படித்தார். "இவர் அந்த விமானத்துல இருந்தார்ங்கிறதுக்கு என்ன சாட்சி? பாஸ்போர்ட் எங்க?"

"அப்பா பொருளோட அதையும் எரிச்சிட்டாங்க சார்," என்றாள் மகள்.

அக்கா தன்னுடையதைத் திறந்து மேஜையில் வைத்தார். வெளியேற்ற முத்திரை, அதன் மேல் 'ரத்து', ஒரே தேதி. "அவர் எனக்கு ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருந்தார் சார். நான் சாட்சி. எங்க கையெழுத்துப் போடணும்?"

அலுவலர் அந்த இரண்டு முத்திரைகளையும் நெடுநேரம் பார்த்தார். காலையும் மாலையும், ஒரே நாள். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே," என்றார் மெதுவாக. "அப்ப நிஜமாவே எங்கயும் போகலையா?"

நான்காம் முறை போனபோது திருத்திய தாளைக் கொடுத்தார்கள். மகள் அதை நின்றபடியே படித்தாள். பிறகு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, மறுபடி ஒருமுறை படித்தாள். வாசல் அறிவிப்பைக் கிழிக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. அவளே கிழித்தாள். அடுத்த மாதம் பள்ளிக்குத் திரும்பிப் போனாள். பேசாதவர்களில் பாதிப்பேர் பேசத் தொடங்கினார்கள், மீதிப்பேர் இன்றுவரை இல்லை.

எல்லை திறந்த பிறகு, வாயு கசிந்த அந்த இன்னொரு பெட்டிக்காக அக்காவைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். நான் கோப்பை நீட்டத் தயங்கினேன். அக்கா இரண்டு நாள் யோசித்தார். கணவர் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். இந்த முறை கடைசித் தாளில் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். அவசரத்தில் தொடர்புகொள்ள ஒரு பெயர், ஓர் எண்.

"வீட்டுக்காரர் நம்பர் போட்டுட்டேன்க்கா," என்றேன்.

"அது இருக்கட்டும். நான் எங்க போறேன்னு மாமியாருக்கு நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க தம்பி. நாடு, ஓட்டல், ஃபோன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்துல."

எழுதிக் கொடுத்தேன். அக்கா போனார். விமானம் இறங்கியது.